பார்க்காமல் போடும் கையெழுத்து

வைணவர்களின் பூஜையில் சாளக்கிராமம் முக்கியமான இடம் பெற்றிருக்கிறது. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் கருங்கல் அது. சில சாளக்கிராமங்களில் சக்கரம் போன்ற சுழி தெரியும். பக்தருக்கு அது திருமாலின் சக்கரம். பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவருக்கு அது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் அச்சு. இமயமலை இன்று நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அந்தச் சிறிய கல்லே சாட்சி.

இத்தனை பெரிய கதையும் ஒரே ஒரு விவரத்தின் மேல் நிற்கிறது. கல் எங்கே கிடைத்தது என்பதே அந்த விவரம். இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் கதையே மாறிவிடும். இல்லாத இடத்தில் கடல் வந்துவிடும். இருந்த கடல் மறைந்துவிடும்.

இப்படி இடத்தை மாற்றிச் சொல்லும் காரியம் நம் நாட்டில் ஒரு சர்வகலாசாலையில் நடந்தது. உலகம் மதிக்கும் ஆராய்ச்சிப் பத்திரிகைகள் அதைப் பிரசுரித்தன. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடியது. ஒரு மனிதர் பொய் சொன்னார் என்பது பெரிய அதிசயமில்லை. அத்தனை காலம் அது எப்படிச் செல்லுபடியாயிற்று என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

மொராக்கோ கல், இமயமலை விலாசம்

சண்டீகரில் உள்ள பஞ்சாப் சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராக இருந்தவர் விஸ்வஜித் குப்தா. இமயமலையில் கிடைத்த புதைபடிவங்களைப் பற்றி 1960-களிலிருந்து 1980-கள் வரை 300-க்கு மேற்பட்ட கட்டுரைகளை அவர் வெளியிட்டார். புதைபடிவம் என்பது பழங்காலத்துப் பிராணியோ தாவரமோ மண்ணில் புதைந்து கல்லாகிப் போன சின்னம். இமயமலையின் பழைய வரலாற்றை எழுத விரும்பிய எவரும் குப்தாவின் கட்டுரைகளைப் படிக்காமல் எழுத முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மக்குவாரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் டாலண்ட் என்பவரும் இமயமலைப் பாறைகளை ஆராய்ந்தவர். குப்தாவின் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது அவருக்குச் சந்தேகம் எழுந்தது. ஒரு கட்டுரை இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. 1987-ல் கனடாவில் கால்கரி நகரில் நடந்த மகாநாட்டில் அவர் தம் சந்தேகத்தை வெளியிட்டார். குப்தா பிரசுரித்த படங்களையும், வேறு நாட்டுப் புதைபடிவங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1989 ஏப்ரலில் லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. உலகமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று.

டாலண்ட் சொன்னது இதுதான். கோனோடான்ட் என்று ஒரு வகைப் புதைபடிவம் உண்டு. மணல் பருமனே உள்ள பல் போன்ற பொருள். பூதக்கண்ணாடி இல்லாமல் அதைப் பார்ப்பது கடினம். இமயமலையில் கிடைத்ததாகக் குப்தா காட்டிய கோனோடான்டுகள், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஆம்ஸ்டெல் ஓடை என்ற இடத்தில் கிடைப்பவற்றை அச்சு அசலாக ஒத்திருந்தன. அந்த ஒரே ரகத்தை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியுள்ள வெவ்வேறு இமயமலை இடங்களில் எடுத்ததாக வெவ்வேறு கட்டுரைகள் கூறின.

நத்தைச் சுருள் போன்ற அம்மோனாய்டு விஷயம் இன்னும் விசித்திரமானது. வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ தேசத்தில் எர்பூத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தோண்டி எடுக்கும் அம்மோனாய்டுகளை மெருகேற்றிப் பல நாடுகளுக்கு அனுப்புவது ஒரு வியாபாரம். மேல்நாட்டு நகரங்களில் கல் விற்கும் கடைகளில் அவை சாதாரணமாகக் கிடைக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கக் கூடிய கல்லுக்கு இமயமலை விலாசம் எழுதப்பட்டிருந்தது என்பதே டாலண்டின் குற்றச்சாட்டு.

குப்தா இதை மறுத்து 'நேச்சர்' பத்திரிகையிலேயே பதில் எழுதினார். சர்வகலாசாலை, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்தியது. 1994-ல் வந்த அறிக்கை, குப்தா குற்றவாளியே என்று கூறியது.

ஜாமீன் போட்டவர்கள்

ஒருவர் தனியாக 300 கட்டுரை எழுதவில்லை. அவற்றில் ஏராளமானவை கூட்டாக எழுதியவை. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல நிபுணர்கள் குப்தாவோடு சேர்ந்து கையெழுத்திட்டார்கள்.

அது நடந்த விதம் மிகவும் எளியது. குப்தா ஒரு புதைபடிவத்தை நிபுணரிடம் கொடுப்பார். இமயமலையில் இன்ன இடத்தில் கிடைத்தது என்பார். நிபுணர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது எந்த இனம், எந்தக் காலத்தது என்று விவரமாக எழுதுவார். கட்டுரை இருவர் பெயரிலும் வெளியாகும். நிபுணர் எழுதிய பகுதியில் பொய் இல்லை. கல்லைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு அவர் போனதில்லை. பாறையைப் பார்த்ததில்லை. நண்பர் சொன்ன ஊர்ப்பெயரை நம்பி எழுதினார். அவருடைய உண்மையான புலமையே பொய்க்குப் பல்லக்காயிற்று.

கட்டுரைகளில் இட விவரமும் தெளிவாக இல்லை. இன்ன ஊருக்கு அருகே என்ற அளவில் ஒரு குறிப்பு இருக்கும். அதை வைத்துக்கொண்டு வேறொருவர் அதே பாறையைத் தேடிப்போவது சாத்தியமில்லை. எல்லைப்புற மலைகளுக்கு அந்நிய நாட்டார் நினைத்தபோது போகவும் முடியாது. இடம் பற்றிய விவரத்துக்குக் குப்தாவையே நம்பியிருந்ததாக 1989-ல் அவருடன் எழுதியவர்களே முன்வந்து சொன்னார்கள். அந்த ஒப்புதலுக்கு நேர்மை வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை முதல் கட்டுரையின்போதே கேட்டிருந்தால் இரண்டாவது கட்டுரை பிறந்திராது.

கிராமத்தில் ஒருவர் புரோநோட்டில் கடன் வாங்கும்போது, இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதுண்டு. கடன் வாங்கியவர் ஊரை விட்டு ஓடிவிட்டால் கடன் கொடுத்தவர் ஜாமீன் போட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "எனக்கு ஒன்றும் தெரியாது, நண்பர் கேட்டார், போட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. படிப்பு வாசனை இல்லாத பாமரரும் அறிந்த சட்டம் இது. படித்தவர் உலகத்தில் மட்டும், கட்டுரை புகழப்படும்போது அது தன்னுடையது என்றும், பழிக்கப்படும்போது அடுத்தவருடையது என்றும் கணக்கு எழுதப்படுகிறது.

நஷ்டம் யாருக்கு?

கடையில் வாங்கிய சில கற்களால் யார் குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். நஷ்டம் பெரியது. ஒருவருடைய கட்டுரையை நம்பி இன்னொருவர் எழுதுகிறார்; அவரை நம்பி மூன்றாமவர் எழுதுகிறார். வரைபடங்களும் பாடங்களும் அப்படியே உருவாகின்றன. எது மெய், எது பொய் என்று பிரிக்க முடியாத நிலையில் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாகிறது. பால் குடத்தில் விழுந்தது ஒரு துளி விஷமானாலும் குடத்தைக் கவிழ்க்கத்தான் வேண்டும். அந்தத் துறையில் வியர்வை சிந்தி மலை ஏறிய நேர்மையான ஆராய்ச்சியாளரையும் உலகம் ஒரு நிமிஷம் சந்தேகத்தோடு பார்க்கிறது. அவருக்கு யார் ஈடு கொடுப்பது?

விசாரணையில் குற்றம் ருசுவான பிறகும் குப்தா வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. ஓய்வு பெறும் காலம் வரையில் அதே சர்வகலாசாலையில் இருந்தார். பரீட்சையில் காப்பி அடித்த மாணவனை வெளியே அனுப்பும் சர்வகலாசாலை, பேராசிரியர் விஷயத்தில் இரக்கம் காட்டியது. பேசாமல் இருப்பதும் ஒரு வகைக் கையெழுத்தே.

பரிசீலனை என்னும் சல்லடை

ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் பரிசீலனை இல்லையா என்ற கேள்வி எழும். உண்டு. கட்டுரை வந்ததும் பத்திரிகாசிரியர் அதை அந்தத் துறையில் வல்லவர்கள் இருவர் மூவருக்கு அனுப்புகிறார். அவர்கள் படித்து, குற்றம் குறை சொல்லி, ஏற்கலாம் அல்லது கூடாது என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. தங்கள் வேலைக்கு நடுவே பொதுக் காரியமாகச் செய்கிறார்கள்.

இந்தச் சல்லடையில் சில சங்கதிகள் நிற்கும்; சில நிற்காது. கணக்குத் தவறு, தர்க்கத் தவறு, பழைய ஆராய்ச்சியை அறியாத தவறு ஆகியவற்றைப் பரிசீலகர் பிடித்துவிடலாம். பரிசோதனை நடந்ததா, கல் அந்த மலையில் கிடைத்ததா என்பது அவருக்குத் தெரியாது. அவர் பேரேட்டைப் பார்க்கிறார்; பணப்பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடியவர்கள் கூடவே கையெழுத்துப் போடுபவர்கள்தாம். ஆகவேதான் அவர்களுடைய கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு.

குழந்தைகள் கொடுத்த விலை

வைத்திய சாஸ்திரத்தில் இத்தகைய கையெழுத்து உயிரோடு விளையாடுகிறது. 1998 பிப்ரவரியில் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆண்ட்ரூ வேக்பீல்ட் என்ற டாக்டரும் மற்றும் 12 பேரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆராயப்பட்ட குழந்தைகளும் 12 பேர்தாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் மன வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தை அது கிளப்பியது.

பிரிட்டனில் தாய்மார்கள் பயந்துபோனார்கள். பல வீடுகளில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். 2004-ல் பிரையன் டீர் என்ற பத்திரிகை நிருபர் விஷயத்தைத் துருவினார். தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட முயன்ற வக்கீலின் மூலமாக வேக்பீல்டுக்குப் பணம் வந்திருந்தது என்பதும், அது பத்திரிகைக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதும் வெளிப்பட்டன. அந்த ஆண்டிலேயே கூடக் கையெழுத்திட்ட 12 பேரில் 10 பேர், தடுப்பூசி பற்றிய கருத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். ஆனால் பத்திரிகை முழுக் கட்டுரையையும் வாபஸ் பெற்றது 2010 பிப்ரவரியில்தான். கட்டுரை வந்து 12 ஆண்டு கழிந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் வேக்பீல்டின் பெயர் பிரிட்டிஷ் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகள் கட்டுரையில் மாற்றிக் கூறப்பட்டிருந்ததை 2011-ல் இன்னொரு பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை எடுத்துக் காட்டியது.

இதற்குள் நடந்தது என்ன? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998-ல் உறுதியான தட்டம்மைக் கேஸ்கள் 56. 2008-ல் அது 1,300-ஐத் தாண்டியது. 2012-13-ல் வேல்ஸில் ஸ்வான்சி வட்டாரத்தில் 1,200 பேருக்கு மேல் தட்டம்மை கண்டதாகப் பதிவாயிற்று, ஒருவர் இறந்தார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் அந்தப் பயம் இன்றும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாபஸ் அறிவிப்பு ஒரு மூலையில் வரும். வதந்தி வீட்டுக்கு வீடு போகும்.

காசுக்குக் கையெழுத்து

பார்க்காமல் கையெழுத்திடுவது ஒரு காலத்தில் நட்புக்காகவும் பெருமைக்காகவும் நடந்தது. பிறகு அது வியாபாரமே ஆகிவிட்டது. கட்டுரை எழுதியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு, பரிசீலனை என்ற பெயர் மட்டும் வைத்துக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் பத்திரிகைகள் தோன்றின.

2013-ல் அமெரிக்காவின் 'சயன்ஸ்' பத்திரிகைக்காக ஜான் பொஹானன் என்ற நிருபர் ஒரு சோதனை நடத்தினார். புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தைப் பற்றியதாக ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்தார். துறை அறிந்த எவருக்கும் பார்த்தவுடன் தெரியும் குற்றங்களை வேண்டுமென்றே அதில் வைத்தார். கற்பனைப் பெயர்களில் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. இந்தியாவிலிருந்து நடந்தவற்றில் 64 ஏற்றுக்கொண்டன. 15 மட்டுமே நிராகரித்தன. தலை குனிய வேண்டிய கணக்கு இது.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்னும் பிரசுர நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடர்ந்தது. பரிசீலனை பற்றியும் கட்டணம் பற்றியும் ஆராய்ச்சியாளரை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தக் கடைகள் இங்கே செழித்ததற்குக் காரணம் உண்டு. 2010-ல் சர்வகலாசாலை மானியக் கமிஷன் கொண்டுவந்த விதிகளின்படி, கல்லூரி ஆசிரியரின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பிரசுரமான கட்டுரைகளுக்கு மார்க் போடப்பட்டது. நாள் முழுவதும் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, ஆராய்ச்சிக்கூடமும் நல்ல நூல்நிலையமும் இல்லாத ஊரில் உழைக்கும் ஆசிரியரிடமும் கட்டுரை கேட்டார்கள். தரத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். நெல் அளக்கும்போது பதரையும் சேர்த்து அளந்தால் மூட்டை நிறையும், வயிறு நிறையாது.

கமிஷன் பின்னர் விழித்துக்கொண்டது. தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 பத்திரிகைகளை நீக்கியது. டாக்டர் பட்டத்துக்கு முன் கட்டுரை பிரசுரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் அங்கீகாரப் பட்டியல் முறையையே கைவிட்டு, நல்ல பத்திரிகை எது என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சர்வகலாசாலைகளிடமே ஒப்படைத்தது.

தீமை நம் நாட்டோடு நிற்கவில்லை. 2023-ல் உலகெங்கும் வாபஸான ஆராய்ச்சிக் கட்டுரைகள் 10,000-க்கு மேல். அவற்றில் 8,000-க்கு அதிகமானவை ஹிந்தாவி என்ற ஒரே பிரசுர நிறுவனத்தின் பத்திரிகைகளில் வந்தவை. ஆலையில் துணி நெய்வது போல் கட்டுரைகளைத் தயாரித்து, அதில் பெயர் சேர்க்க இடத்துக்கு இவ்வளவு என்று விலை பேசும் கூட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன.

செய்ய வேண்டியது

தவறு வேறு, மோசடி வேறு என்பதை முதலில் உணர வேண்டும். நேர்மையாக ஆராய்ந்து தவறிய முடிவுக்கு வருவது விஞ்ஞானத்தில் சகஜம். தன் தவறைக் கண்டுபிடித்துத் தானே கட்டுரையை வாபஸ் பெறுபவரைப் பாராட்ட வேண்டும். அவரையும் மோசடிக்காரரையும் ஒரே கூண்டில் நிறுத்தினால் யாரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டாக ஆராயும்போது ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் நேரில் பார்க்க முடியுமா என்பது நியாயமான கேள்வியே. ரத்தத்தைச் சோதிப்பவர் ஒருவர், கணக்குப் போடுபவர் இன்னொருவர் என்றுதான் வேலை நடக்கும். நம்பிக்கை இல்லாமல் கூட்டு வேலை இல்லை. ஆனால் நம்புகிறவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கல் எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எந்தத் தேதியில், குறிப்புப் புத்தகம் எங்கே என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கணக்குக் கேட்டால் கோபிக்கும் கூட்டாளியோடு வியாபாரி வியாபாரம் செய்வதில்லை.

வைத்தியப் பத்திரிகாசிரியர்கள் 1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிச் சில விதிகளை வகுக்கத் தொடங்கினார்கள். அந்த விதிகளில் 2013-ல் ஒரு நிபந்தனை சேர்ந்தது. கட்டுரையில் பெயர் போடும் ஒவ்வொருவரும் அதன் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது தீர விசாரிக்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அது. நல்ல விதி. நம் சர்வகலாசாலைகள் ஒவ்வொன்றும் இதைத் தம் விதியாக எழுதிக்கொள்ள வேண்டும். யார் எந்த வேலையைச் செய்தார் என்பது கட்டுரையில் இருக்க வேண்டும். மாதிரிகளும் குறிப்புகளும் பிறர் பார்க்கும்படி காட்சிச்சாலையிலோ நூல்நிலையத்திலோ பாதுகாக்கப்பட வேண்டும். பதவி உயர்வுக்கு வருபவரிடம் முப்பது கட்டுரைகளின் பட்டியலை வாங்குவதற்குப் பதிலாக, அவர் மிகச் சிறந்ததாகக் கருதும் மூன்று கட்டுரைகளை வாங்கி முழுவதும் படித்துப் பார்க்கலாம்.

புகார் வந்தால் சர்வகலாசாலைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்டு, காலக்கெடு வைத்து விசாரிக்க வேண்டும். புகார் சொன்ன இளைஞருக்கு இடையூறு வராமல் காக்க வேண்டும். குற்றம் ருசுவானால் தண்டனை பதவிக்குத் தக்கபடி குறையாமல், பதவிக்குத் தக்கபடி கூட வேண்டும். பத்திரிகைகளும் வாபஸ் அறிவிப்பை மாதக்கணக்கில் ஒத்திப்போடாமல், கட்டுரை வந்த அதே கௌரவத்தோடு வெளியிட வேண்டும்.

தாய் ஒருத்தி தன் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகிறாள். டாக்டர் பத்திரிகையில் படித்ததை நம்பி மருந்து கொடுக்கிறார். பத்திரிகை பரிசீலகரை நம்புகிறது. பரிசீலகர் எழுதியவரை நம்புகிறார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் இழுத்துப் பார்க்க அந்தத் தாயால் முடியாது. அவளுக்காகப் பார்க்க வேண்டியவர்கள் கையெழுத்திடுபவர்களே. பெருமையில் பங்கு கேட்கிறவர் பொறுப்பிலும் பங்கு ஏற்க வேண்டும். முடியாது என்றால் பேனாவை மூடி வைப்பதே மரியாதை.